அங்கணத்து வெண்மை

'அங்கணம்' என்ற சொல்லை இன்றைய இளங்கலை மாணவர்க்கு விளக்குவது எளிதன்று. அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் அதைக் கையாளுகிறார். தம்மோடு ஒத்தவர் அல்லாதார் கூடிய அவையில் அரிய பொருளைப் பேசுவது அங்கணத்தில் அமுதத்தைக் கொட்டியது போலாகும் என்பது அக்குறளின் கருத்து. தூய்மையற்ற முற்றம் என்று பொருள் கொண்டோரும் உண்டு, சாக்கடை என்று கொண்டோரும் உண்டு. வகுப்பில் இரண்டையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பிறந்தவர்க்கு இந்தச் சொல்லுக்கு உரைநூல் வேண்டியதில்லை. அடுக்களையின் மூலையில், சிறு வரம்பு கட்டி, ஏனம் கழுவவும் கை அலம்பவும் விட்ட சதுரமே அங்கணம். அதன் வாய் அங்கணக்குழி. வள்ளுவர் இழிவுக்கு உவமை தேடியபோது கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததையே எடுத்திருக்கிறார்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அங்கணத்தை 1966இல் ஒரு பீங்கான் தொட்டி ஓய்வுபெறச் செய்தது. முழுமையாக அன்று, ஏனங்கள் இன்னும் பல ஆண்டுகள் கீழே குந்தியே துலக்கப்பட்டன. கை கழுவுவது மட்டும் நின்றபடியே என்றாயிற்று. பட்டாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவிலிருந்த சுவரில் இரண்டு இரும்புத் தாங்கிகள் அடித்து அப்பா அதை நிறுத்தினார். (எங்களில் ஒருவருக்கு அவர் அப்பா, மற்றவருக்கு மாமா. எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழும் மற்றவர் பள்ளியில் வேதியியலும் கற்பிக்கிறோம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், பின்னால் உதவும்.) இராணிப்பேட்டைச் சரக்கு என்று அப்பா சொல்வார். தொட்டியின் அடியில் நீல முத்திரை ஒன்று உண்டு. பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. வைக்கோல் பொதிந்த மரப்பெட்டியில் ஜங்ஷனிலிருந்து குதிரை வண்டியில் அது வந்து இறங்கிய நாளில் தெருவே வேடிக்கை பார்த்ததாம். ஆச்சிக்கு மட்டும் பிடிக்கவில்லை. எச்சில் கையை வீட்டுக்கு நடுவில் கழுவுவதா என்பது அவர் கேள்வி. இறக்கும்வரை அவர் புறவாசலுக்கே போய்க் கை கழுவினார்.

'பீங்கான்' தமிழ்ச்சொல் அன்று. கோப்பையைக் குறிக்கும் பாரசீகச் சொல் கடல்வழி வந்து கரையேறியது. சிங்களத்தில் தட்டுக்குப் 'பிங்கான' என்றே பெயர். சொல் பாரசீகத்திலிருந்து வந்தாலும் பொருள் வந்தது சீனத்திலிருந்து. 1980களில் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது நடுக்காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் அவற்றைப் பற்றி எழுதியுள்ளனர். அந்த ஓடுகள் எழுநூறு ஆண்டுகள் உப்பு மண்ணில் கிடந்தும் மெருகு குலையாமல் எழுந்து வந்தன. மண்ணில் புதைத்தால் கெடாத பொருளை வீட்டில் வைத்துத் துலக்கிக் கெடுக்கிறோமோ என்ற ஐயம் எங்களுக்கு எழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வந்த காலம் வரை தொட்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஆற்று நீர் மென்னீர். 1994இல் தெருவில் எல்லோரும் ஆழ்குழாய்க் கிணறு போட்டார்கள், நாங்களும் போட்டோம். முந்நூறு அடிக்குக் கீழிருந்து வந்த தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. காய்ந்தபின்தான் அதன் குணம் தெரிந்தது. கால்சியமும் மக்னீசியமும் கரைந்த கடினநீர் ஒவ்வொரு துளியும் வற்றும்போது ஒரு வெள்ளைத் தடத்தை விட்டுப் போகும். அதன்மேல் சவர்க்காரம் படிந்து கரையாத பிசுக்காகும். அதன்மேல் குழாயின் இரும்புத் துரு ஒழுகிப் பழுப்புக் கோடு போடும். தேநீர்க் கறை, எவர்சில்வர் தூக்குவாளியின் அடி உரசிய சாம்பல் கீறல், இவையெல்லாம் மேலதிகம். இரண்டே ஆண்டுகளில் தொட்டி வயோதிகன் பல்லைப்போல் ஆனது.

அதற்கு ஊர் கண்டிருந்த மருந்து ஆசிட். மூன்றுசக்கர வண்டியில் பினாயிலோடும் ப்ளீச்சிங் பவுடரோடும் கூவி விற்கப்படும் அந்த மஞ்சள் திரவம் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். லட்சுமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் அமிலச் சில்லறை விற்பனையைக் கட்டுப்படுத்தியது. வாங்குவோர் பெயரும் முகவரியும் பதிய வேண்டும், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்க்கு விற்கலாகாது என்றெல்லாம் விதித்தது. எங்கள் தெருவுக்கு வந்த வண்டிக்காரர் எந்நாளும் ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்ததில்லை. பழைய சர்பத் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார்.

அந்த ஆசிட்டைத் தொட்டியில் ஊற்றித் தேய்த்தவர் எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா. 1988 முதல் 2021 வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் வந்தவர். சனிக்கிழமைதோறும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, கையில் ஒரு தேங்காய் நார்ச் சுருளோடு அவர் தொட்டியண்டை நிற்பார். சுண்ணாம்புப் படிவம் நுரைத்துப் பொங்கும், வெண்புகை எழும். சற்று நேரத்தில் தொட்டி பால்போலாகும். மூன்றாம் நாள் மறுபடி மஞ்சள். இதில் எங்களில் வேதியியல் கற்பிப்பவர் கூறும் நுட்பம் ஒன்று உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பை மட்டும் தின்று ஓய்வதில்லை. ஓடுகளுக்கிடையில் உள்ள சிமெண்டைத் தின்னும், குழாயின் குரோமியப் பூச்சைத் தின்னும், அதன் ஆவி அடுத்த அறையில் இருக்கும் இரும்புச் சாமானையும் துருவேற்றும். பழைய மெருகில் திரும்பத் திரும்பப் பட்டால் அதன் பளபளப்பையும் சிறிது சிறிதாகக் கொண்டுபோகும். மெருகு மங்கிய பரப்பில் அழுக்கு இன்னும் விரைவாகப் பற்றும். வெளுக்க வெளுக்க அழுக்காகும் விந்தை இப்படித்தான் நேர்கிறது.

ப்ளீச்சிங் பவுடரை அதனோடு சேர்த்துவிட்டால் கதை வேறு. அமிலமும் குளோரின் சுண்ணாம்பும் கூடினால் எழுவது குளோரின் வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்தருகே போர்முனையில் திறந்துவிடப்பட்டதும் அதுவே. நாலுக்கு நாலடிக் குளியலறைகளில் இன்றும் 'நல்லா வெளுக்கும்' என்று இரண்டையும் கலந்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இதை மட்டும் வாசகர்கள் தம் வீட்டில் யார் தொட்டி கழுவுகிறாரோ அவரிடம் இன்றே சொல்லிவிட வேண்டும்.

தொட்டியை வெளுத்த அக்கா அதில் ஒருநாளும் கை கழுவியதில்லை. அப்படி ஒரு விதியை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லாத விதிகள்தான் நெடுங்காலம் நிற்கும். சாப்பிட்ட கையை அவர் புறவாசல் குழாயில் கழுவுவார். ஆச்சி எச்சிலுக்கு அஞ்சிப் புறவாசலுக்குப் போனார், அக்கா வேறொன்றுக்காகப் போனார். இருவர் போனதும் ஒரே குழாய்க்கு என்பதை நாங்கள் பலமுறை பேசிக்கொண்டிருக்கிறோம்.

ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் வந்தபின் ஒருநாள் அக்கா அரிசி வாங்காமல் திரும்பி வந்தார். பத்து விரலையும் வைத்துப் பார்த்தும் இயந்திரம் ஒன்றையும் ஏற்கவில்லையாம். அவர் விரல் நுனிகளை அன்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வழுவழுவென்று, ஆற்றுக் கூழாங்கல்லைப்போல் இருந்தன. அது ஆசிட்டின் வேலையா, சலவைச் சோடாவின் வேலையா, அறுபது வயதின் வேலையா என்று பிரித்துச் சொல்ல முடியாது, மூன்றுமாகவே இருக்கலாம். எனினும், அந்தத் தொட்டியின் வெண்மைக்குக் கொடுத்த விலையில் ஒரு பகுதி எங்கே வரவு வைக்கப்பட்டிருக்கிறது என்பது எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் மகனுடைய விரலில் அரிசி கிடைத்தது.

புறநானூற்றின் 311ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. ஒளவையார் பாடியது. வீரன் ஒருவனின் தூய வெள்ளாடையைச் சொல்லவந்தவர், அதற்குமுன் களர் நிலத்தில் தோண்டிய கிணற்றையும் அங்கே நாள்தோறும் துணி வெளுக்கும் புலைத்தியையும் சொல்லிவிடுகிறார். அவளுக்குப் பெயர் இல்லை. ஆனால் வெண்மை வருமிடத்தில் அதை வெளுத்தவளும் வருகிறாள். பிற்காலக் கவிதைகளில் வெள்ளாடை உண்டு, வெளுப்பவரைத் தேட வேண்டும். களர் என்பதும் வெறும் வருணனை அன்று. களர்நிலத்து உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும். வண்ணார் வெள்ளாவிக்குப் பயன்படுத்திய காரம் அதுதான். அதன் சாதுவான தங்கை இன்று அடுக்களை டப்பாவில் ஆப்பசோடாவாக உட்கார்ந்திருக்கிறாள்.

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் அம்மாவுக்கு இளைப்பு அதிகமாயிற்று. அவருக்கு எழுபத்தொன்பது வயது. வீட்டில் புகையும் ஆசிட்டும் இருக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அக்கா வேலையை விட்டபின் தொட்டியை யாரும் ஆசிட் இட்டுக் கழுவவில்லை. நாலாண்டுப் படிவம் அதில் அடுக்கடுக்காக இருந்தது. குழாய் பழுதுபார்க்க வந்தவர் தொட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "இது அறுவது வருசத்துச் சரக்கு சார். களட்டிப் போட்டுட்டுப் புதுசு வச்சிருங்க, மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும்" என்றார். வெளிநாட்டிலிருக்கும் தம்பியும் தொலைபேசியில் அதையே சொன்னார். அம்மா மட்டும் மறுத்தார். மறுப்புக்குக் காரணம் கேட்டோம். "உங்க அப்பா வச்சது" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் சொன்னது: "அவ இவ்வளவு வருசம் தேய்ச்சுத் தேய்ச்சு வச்சதத் தூக்கித் தெருவுல போடவா?"

அதற்குமேல் விவாதம் இல்லை. ஆசிட் இல்லாமல் அதை வெளுக்க முடியுமா என்று பார்ப்பது எங்கள் பொறுப்பாயிற்று.

முதல் வேலை, தொட்டி எந்த இனம் என்று அறிவது. வெள்ளையாக மினுங்குவதெல்லாம் பீங்கான் அன்று. வார்ப்பிரும்பின்மேல் எனாமல் பூசிய தொட்டிகளும் அக்காலத்தில் வந்தன. காந்தத்தை வைத்தால் தெரிந்துவிடும். ஒட்டினால் உள்ளே இரும்பு. எனாமல் அமிலத்துக்கு மிகவும் அஞ்சும். எலுமிச்சைச் சாறுகூட இரவெல்லாம் நின்றால் அதன் பளபளப்பை மங்கச் செய்துவிடும். எங்கள் தொட்டியில் காந்தம் வழுக்கி விழுந்தது. சீனக்களிமண்ணும் படிகக்கல்லும் களிக்கல்லும் சேர்த்து ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு பாகையில் சுட்ட உடல், அதன்மேல் கண்ணாடி போன்ற மெருகு. களிக்கல் என்று நாங்கள் சொல்வது பெல்ட்ஸ்பாரை; இதைவிட நல்ல சொல் அறிந்தவர் கூறலாம்.

இரண்டாவது, எதனால் தேய்க்கலாம் என்பது. இங்கே நம் மரபு அறிவு பாதி துணை, பாதி பகை. செங்கல் பொடியும் மணலும் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் பல தலைமுறை உழைத்தவை. ஆனால் மணல் என்பது குவார்ட்ஸ். கடினத்தன்மை அளவில் அது 7. பீங்கான் மெருகு 6ஐ ஒட்டியே நிற்கும். மணல் பட்ட இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத உழவு நடக்கும். அதில் அழுக்கு விதைத்துக்கொள்ளும். கடையில் விற்கும் துலக்கும் பொடிகளில் சிலவும், இரும்பு நாரும் இதே இனம். சுண்ணாம்புப் படிவத்தின் கடினத்தன்மை 3. ஆகவே மூன்றைவிட அதிகம் மென்மையில்லாமல், ஆறுக்குக் கீழே நிற்கும் பொருளே வேண்டும். ஆப்பசோடா இரண்டரை. மெருகைக் கீறவே கீறாது. தடிப்பான சுண்ணாம்பைத் தேய்த்தெடுக்கவும் அதற்கு வலுவில்லை. அதனால் சுண்ணாம்பை முதலில் புளிப்பால் இளக்க வேண்டும், பிறகே சோடாவை அழைக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு பரவலான நம்பிக்கையைத் தொட வேண்டும். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி, நுரை பொங்குவதைக் கண்டு அழுக்கு ஓடுகிறது என்று மகிழ்வார்கள். நுரைப்பது கரியமில வாயு. காரமும் புளிப்பும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு மிஞ்சுவது பெரும்பாலும் நீரும் சோடியம் அசிட்டேட் என்னும் உப்பும். படிவத்தைக் கரைக்கவேண்டிய புளிப்பு சோடாவோடு சண்டையிட்டே முடிந்துவிடுகிறது. அடைபட்ட குழாயில் அந்தக் கொந்தளிப்பு சிறிது அசைவு தரலாம். தொட்டியின் கறைக்கு அது வாணவேடிக்கை. தனித்தனியே, ஒன்றை நன்றாகக் கழுவியபின் மற்றொன்றை இட்டால் இரண்டும் உழைக்கும்.

நாங்கள் ஒன்பது மாலைகள் செலவிட்டோம். முதல் மாலை வெதுவெதுப்பான நீரில் ஏனம் துலக்கும் சவர்க்காரக் கரைசல் மட்டும். எண்ணெய்ப் பிசுக்கு போகாமல் புளிப்பு உள்ளே இறங்காது என்பதால் இது. கொதிநீர் ஊற்றலாகாது, குளிர்ந்த பழைய பீங்கானில் கொதிநீர் பட்டால் விரிசல் விடும். (பூந்திக்கொட்டையை ஊறவைத்த நீரும் இதற்குப் போதும் என்றார் அம்மா. அவர் சொன்னபடி பாதித் தொட்டிக்கு அதையே இட்டோம். கடினநீரில் சவர்க்காரம்போல் அது திரிந்து படியவில்லை.)

அடுத்த நான்கு மாலைகளும் சுண்ணாம்போடு. பழைய வேட்டியைக் கீற்றுகளாகக் கிழித்து, எலுமிச்சைச் சாற்றில் நனைத்து, படிவத்தின்மேல் பற்றுப்போடுவதுபோல் ஒட்டினோம். ஊற்றினால் சாறு ஓடிவிடும். துணி அதை நிறுத்தி வைக்கும். அரைமணி கழித்துத் துணியை எடுத்தால் படிவம் ஊறிய தயிர்ச்சோறு மாதிரி இளகியிருக்கும். கத்தியும் இரும்புச் சுரண்டியும் வேண்டாம். மூங்கில் சிம்பால் கீழிருந்து மேலாக நெம்பினால் செதில் செதிலாகப் பெயர்ந்தது. எலுமிச்சை விலையேறியபோது கடையில் வாங்கிய எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, இரண்டு கரண்டி கால் லிட்டர் நீரில் கரைத்தோம். வினிகரும் ஆகும், ஆனால் அதன் நெடி அம்மாவுக்கு ஒவ்வவில்லை. இந்த வேலையின் பொருட்டே அந்த இளைப்பை மறுபடி எழுப்பிவிடக்கூடாதே என்று சன்னல் இரண்டையும் திறந்து வைத்துத்தான் எல்லாம் செய்தோம். புளிப்பு குழாயின் குரோமியத்தில் நெடுநேரம் நிற்காதபடி அவ்வப்போது துடைத்தோம். கையுறை இருவரும் அணிந்தோம். எலுமிச்சைதானே என்று வெறுங்கையால் செய்தால் நகக்கண்ணில் எரியும். தவிர, விரல் நுனிகளைப்பற்றி எங்கள் வீட்டில் இப்போது ஒரு கவனம் உண்டு.

நான்காம் மாலை ஒரு செதில் விரலளவு தடிப்பில் பெயர்ந்து வந்தது. விளிம்பில் மரத்தின் ஆண்டுவளையம்போல் வரிகள். மங்கிய வெள்ளை, பழுப்பு, மறுபடி வெள்ளை. கோடையில் குழாய்த் துரு மிகுந்த காலம் பழுப்பாக இருக்கலாம் என்று எங்களில் வேதியியலார் ஊகித்தார். தமிழாசிரியர் அதை ஒரு காகிதத்தில் மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். எதற்கென்று கேட்டால் விடையில்லை.

துருக்கோட்டுக்கு உப்பும் எலுமிச்சையும். ப்ளீச்சிங் பவுடர் துருவைப் போக்காது, இன்னும் ஆழமாகப் பதியவைக்கும். இரும்பைப் பிடித்துக் கரைப்பது சிட்ரிக் அமிலம்தான். புளிக்குள் இருக்கும் டார்ட்டாரிக் அமிலத்துக்கும் அந்தக் குணம் உண்டு. குத்துவிளக்கு புளியால் துலங்குவது அதனால்தான். ஆனால் புளி தன் நிறத்தைக் கொடுத்துவிடும் என்பதால் வெள்ளைக்கு ஆகாது. குழாய்க்கு நேர்கீழே இருந்த கோடு ஒரே இரவில் போகவில்லை. மூன்று இரவுகள், ஒவ்வொரு முறையும் சிறிது வெளிறியது. ஆசிட் மூன்று நிமிடத்தில் செய்வதை எலுமிச்சை மூன்று நாளில் செய்யும். இந்த வேறுபாட்டில்தான் எல்லாச் சண்டையும் இருக்கிறது என்று தோன்றுகிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவரிடம் மூன்று நாள் கிடையாது. ஒரு மணி நேரத்துக்குள் நாலு வீடு. அவர் கையில் ஆசிட் போத்தலைக் கொடுத்தது அவசரம் அன்று, அவருடைய நேரத்துக்கு நாம் வைத்த விலை.

சுண்ணாம்பும் துருவும் போனபின் ஆப்பசோடாவைச் சிறிது நீரில் குழைத்து, பீர்க்கங்காய் நாரால் வட்டமாகத் தேய்த்தோம். எவர்சில்வர் உரசிய சாம்பல் கீறல்கள் இதற்கு அடங்கின. அவை கீறல்கள் அல்ல. மெருகின்மேல் பூசப்பட்ட உலோகம். பென்சில் கோட்டை அழிப்பதுபோல் அழிந்தன.

எஞ்சியது விரிசல். மெருகுக்கும் உடலுக்கும் சூட்டிலும் ஈரத்திலும் விரியும் அளவு சற்று வேறு. அறுபது ஆண்டுகளில் அந்தப் பிணக்கு மெருகில் மயிரிழை வலையாகத் தெரிய வந்துவிட்டது. வலையின் இழைகளுக்குள் தேநீரும் மஞ்சளும் இறங்கிப் பழுப்பேறியிருந்தன. தேய்ப்பு அங்கே எட்டாது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை, ஆறு சதவீதமானதால் சரிபாதி நீர் விட்டு, பஞ்சில் நனைத்துப் பரப்பி, மேலே பாலிதீன் தாளை மூடிவைத்தோம். உழைத்து முடித்ததும் அது நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துபோகும், நெடி இல்லை. வினிகரோடு மட்டும் அதைச் சேர்க்கலாகாது, பெராசிட்டிக் அமிலம் என்னும் அரிக்கும் பொருள் உண்டாகும். இரண்டு இரவுகளில் பழுப்பு வலை இளம்சாம்பலாயிற்று. அதற்குமேல் மாறவில்லை. மெருகே தேய்ந்துபோன இரண்டு இடங்களும், வாயருகே ஒரு காசளவும் சோப்புக் குழியில் ஒரு விரலளவும், எதற்கும் மசியவில்லை. இல்லாத மெருகை எதனாலும் வெளுக்க முடியாது.

'வெளுத்தல்' என்ற சொல்லைப் பாருங்கள். நிறம் மாறுவதும் வெளுத்தல், துணி துவைப்பதும் வெளுத்தல், அடிப்பதும் வெளுத்தல். 'வெளுத்ததெல்லாம் பால்' என்று நம்புபவனை ஊர் சிரிக்கும். அப்படியிருக்க, எவ்வளவு வெண்மை போதும் என்பதை எப்படி அறிவது? துணிக்கு நீலம் இட்டுக் கண்ணை ஏமாற்றலாம். தொட்டிக்கு நாங்கள் கண்ட வழி, அதன் விளிம்பின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது. தண்ணீரும் வெயிலும் கையும் படாத அந்த இடத்தில் பிறந்தபோது இருந்த நிறம் அப்படியே இருக்கும். கைக்கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்த்தோம். அது பால்வெள்ளை அன்று. முல்லையின் காம்போரத்தைப்போல் இலேசான மஞ்சள் ஓடிய வெண்மை. மேலே நாங்கள் எட்டியிருந்த நிறத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இத்தனை ஆண்டுச் சனிக்கிழமைகளில் அந்தத் தொட்டியிடம் அதற்கு இல்லாத ஒரு வெண்மையைக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

இப்போது தொட்டிக்கு வாரப் பூசனை இல்லை. கை கழுவியபின் பக்கத்தில் தொங்கும் துணியால் அம்மா ஒருமுறை துடைத்துவிடுகிறார். நீர் வற்றாமல் துடைக்கப்பட்டால் சுண்ணாம்பு எங்கிருந்து படியும்? பாதி பிழிந்த எலுமிச்சைத் தோல் சில நாளுக்கொருமுறை அதில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குப்பைக்குப் போகிறது. ஒழுகிய குழாயின் வாஷர் இரண்டு ரூபாய்க்கு மாற்றப்பட்டது. துருக்கோட்டின் மூலம் அதுவே.

பொங்கலுக்கு மறுநாள் அக்கா வந்தார். கரும்பும் மஞ்சள் குலையும் கொண்டுவந்தார். அம்மா அவரைப் பட்டாசலில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டு எழுந்தவர் வழக்கம்போல் புறவாசல் பக்கம் திரும்பினார். அம்மா நாற்காலியில் இருந்தபடியே, "எங்க போற? இதுல களுவு" என்றார். அக்கா நின்றார். எங்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையை ஏந்தியபடியே நின்றார். "வேண்டாம்மா, பளக்கமில்ல" என்றார். "தேய்க்கப் பளக்கமுண்டுல்லா, களுவப் பளக்கமில்லையோ?" என்றார் அம்மா, இளைத்துக்கொண்டே.

அக்கா தொட்டியண்டை வந்து குழாயைத் திறந்தார். கழுவும்போது அவர் பார்வை கையில் இல்லை. விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்; உள்வளைவை ஒரு சுற்றுத் தடவினார்; குழாயடிக் கோடு இருந்த இடத்தில் நிறுத்திக் குனிந்து பார்த்தார். ரேகையில்லாத அந்த விரல் நுனிக்குத் தொட்டியின் ஒவ்வொரு இடமும் தெரிந்திருந்தது.

"ஆசிட் போடலியா?"

"இல்லக்கா, எலுமிச்சம்பளம்தான்."

"ம்." தண்ணீர் இறங்கும் ஓட்டையின் பித்தளை வளையத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "இதச் சுத்தி இன்னும் நிக்கி பாருங்க. ஈர்க்குல துணியச் சுத்தி விட்டாத்தான் போவும். நாரு உள்ள போவாது."

அன்று இரவே ஒரு ஈர்க்கைச் சீவி, நுனியில் துணி சுற்றி, எலுமிச்சைச் சாற்றில் தோய்த்து வளையத்தைச் சுற்றி விட்டோம். கருப்பாக ஒரு கீற்று வந்தது.